நெடுஞ்சாலை வெட்டிய ஊரில் நிலத்தை மறுபடி பங்கிடுவது: ஜெர்மனியில் எப்படி நடக்கிறது, நமக்கு என்ன வழி?

கேள்வி இது: "எங்கள் ஊர் வழியாக நான்குவழிச் சாலை வருகிறது. எனக்கு நாலரை ஏக்கர். சாலை நேராக வராமல் மூலைவாட்டில் வெட்டிக்கொண்டு போகிறது. கிணறு ஒரு பக்கம், பெரும்பகுதி நிலம் மறுபக்கம். ஜெர்மனி, பிரான்ஸ் மாதிரி நாடுகளில் சாலை வந்தால் ஊர் நிலத்தையே ஒன்றாகச் சேர்த்து மறுபடி பங்கிட்டுத் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? இங்கே அப்படிக் கேட்டு வாங்க முடியுமா?"

முதல் கேள்விக்குப் பதில்: உண்மைதான், அறுபது எழுபது ஆண்டுகளாகவே நடக்கிறது. இரண்டாவதற்கு: தமிழ்நாட்டில் அப்படிக் கேட்க இன்றைக்குச் சட்டம் இல்லை. ஆனால் அதில் கிடைப்பதில் ஒரு பங்கை வேறு வழிகளில் வாங்கலாம். நேரம் தவறாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சாலை எடுக்கும் பரப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். 70 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டர் போனால் 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கர் சொச்சம் போகும். அந்தப் 17 ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பணம் தந்துவிடலாம். பணத்தில் அடங்காதது மிச்ச நிலத்துக்கு நேர்வதுதான். மூலைவாட்டில் வெட்டினால் இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாகத் துண்டு நிற்கும். முக்கோணத்தில் டிராக்டர் ஓட்டியவருக்குத் தெரியும், கூர்முனையில் திரும்ப இடமில்லாமல் பாதி நேரம் ரிவர்ஸ் எடுப்பதிலேயே போய்விடும். 40 செண்ட் முக்கோணத்தில் ஒழுங்காக உழ முடிவது 25 செண்ட்தான். அந்தத் துண்டுக்கு மடை வரும் வாய்க்கால் சாலைக்கு அந்தப் பக்கம். வண்டிப்பாதை சாலையின் மேட்டுக் கரையில் முட்டி நிற்கும். நேற்றுவரை வரப்பேறிப் போன இடத்துக்கு இனி சுரங்கப்பாதை தேடி இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஆட்டை ஓட்டிக்கொண்டு சுற்றுவதும், அறுப்பு இயந்திரம் சுற்றுவதும் வாடகைக் கணக்கில் வந்து விழும். ஆக, கோட்டில் விழுந்த நிலம் ஐம்பது ஏக்கர் என்றால் கோணலான நிலம் இருநூறு ஏக்கர் இருக்கும். இந்த இருநூறுக்குத்தான் நில மறுபங்கீடு மருந்து.

ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சட்டம் அங்கேதான் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் தென்மேற்குப் பகுதிகளில் நம் ஊர்ப் பழக்கம்தான்: அப்பன் சொத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வது. நாலு தலைமுறை போனால் ஒருவருக்கே ஊரைச் சுற்றிப் பதினைந்து இருபது இடங்களில் துண்டு துண்டாக நிலம். இதைச் சேர்த்துக்கொடுக்க 1953-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஃப்ளூர்பெரைனிகுங் என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். 1954 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, 1976-ல் திருத்திப் புதுக்கினார்கள். அந்தச் சட்டத்தில் 87 முதல் 89 வரையிலான பிரிவுகள் சாலை, ரயில்பாதை, அணை மாதிரிப் பெருந்திட்டங்களுக்கானவை. பொதுத் திட்டம் ஒன்றுக்குப் பெருமளவு விவசாய நிலம் கட்டாயமாக எடுக்க வேண்டியிருந்தால், நில எடுப்பு அதிகார அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில், அந்த ஊர்களில் மறுபங்கீட்டைத் தொடங்கலாம். நோக்கம் இரண்டு. ஒன்று, நில இழப்பைக் கோட்டில் சிக்கிய சிலர் மட்டும் தாங்காமல் பலரும் பகிர்ந்துகொள்வது. மற்றது, திட்டத்தால் ஊரின் வேளாண்மைக்கு வரும் கேட்டைத் தவிர்ப்பது. இரண்டில் ஒன்று பொருந்தினாலும் போதும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் என் கற்பனை. ஊரில் 60 மீட்டர் அகலச் சாலை 4 கிலோமீட்டர் போகிறது: 24 ஹெக்டேர். நம் முறையில் கோட்டில் இருக்கும் முப்பது நாற்பது பேரிடமிருந்து இந்த 24-ம் போகும். ஒருவருக்குப் பத்து செண்ட், இன்னொருவருக்குச் சொத்தே. ஜெர்மானிய முறையில் சாலையைச் சுற்றி 600 ஹெக்டேருக்கு எல்லை வரைகிறார்கள். 24 என்பது 600-ல் 4 சதவீதம். எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொருவர் நில மதிப்பிலும் 4 சதவீதம் பிடித்துக்கொண்டு, மீதிக்கு ஈடான நிலத்தைச் சாலைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, முடிந்தவரை ஒரே சதுரமாகக் கொடுத்துவிடுவார்கள். பிடித்த 4 சதவீதத்துக்குப் பணம் உண்டு. நில எடுப்புச் சட்டப்படி என்ன இழப்பீடோ அதே.

பரப்பில் பிடிக்காமல் மதிப்பில் பிடிப்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அந்த நாட்டில் 1934 முதல் மண் மதிப்பீடு இருக்கிறது. மாக்டபுர்க் நகரத்துக்குப் பக்கத்துக் கரிசல் நிலத்தை 100 என்று வைத்து, மற்ற நிலத்துக்கெல்லாம் அதற்குக் கீழே மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மறுபங்கீட்டில் அதை அடிப்படையாகக் கொண்டு, ஒரு மீட்டர் நீள இரும்புத் துளைக்கோலைச் சம்மட்டியால் அடித்து இறக்கித் திருகி எடுத்து, கோலின் பள்ளத்தில் ஒட்டிவந்த மண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள்: மேல்மண் எத்தனை விரற்கடை, எங்கே களி, எங்கே சரளை. உங்களுக்கு 60 மதிப்பெண் மண்ணில் 5 ஏக்கர் இருந்தால் அது 300 அலகு. 4 சதவீதம் பிடித்தால் 288. புதிதாகக் கிடைக்கும் இடம் 50 மதிப்பெண் மண் என்றால் உங்களுக்கு 5.76 ஏக்கர் வர வேண்டும். நிலம் எடுத்தபிறகு பரப்பு கூடிவிட்டதே என்று பக்கத்துக்காரர் வயிறெரிவார், ஆனால் கணக்கு சரி. மதிப்பிடும்போது நிலம் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கவே கூடாது, மண்ணின் விளைச்சல் மட்டும்தான் என்று சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. தூரத்தைப் பிற்பாடு, இடம் ஒதுக்கும்போது கவனிப்பார்கள். இப்படி இரண்டையும் பிரித்து வைத்ததில் சாமர்த்தியம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஊருக்குப் பக்கத்தில் களர் நிலம் வைத்திருப்பவரெல்லாம் அதைப் பொன் என்று சொல்லிவிடுவார்.

நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு பொதுச் சட்டக் கழகம், அதாவது சட்டப்படியான ஒரு பொது அமைப்பு, ஆகிவிடுவார்கள். தனியாகச் சேர வேண்டியதில்லை, நிலம் இருந்தாலே உறுப்பினர். அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் ஊர்ப்பாதை, வாய்க்கால் வேலைகளை எல்லாம் நடத்தும். தொடங்கிய பின் அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. நமக்குப் பழக்கமான தந்திரம், அறிவிப்பு வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஷெட் போடுவது, அங்கே செல்லாது.

பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். புதிய வரைபடம் போடுமுன் ஒவ்வொரு நில உரிமையாளரையும் கூப்பிட்டு, உனக்கு எங்கே வேண்டும் என்று கேட்டாக வேண்டும். 57-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மேசைமேல் ஊர் வரைபடம் விரித்திருக்கும். எதிரே அதிகாரி. "எனக்குத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள், மேட்டு நிலம் வேண்டாம், அண்ணன் நிலத்துக்கு அடுத்து வேண்டவே வேண்டாம்" என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்டதெல்லாம் கிடைக்காது. ஆனால் கேட்டது பதிவாகும். பிற்பாடு வழக்குப் போட்டால் அந்தக் குறிப்பு கோப்பில் இருக்கும்.

ஒதுக்கீடு முடிவானதும் எல்லாம் ஒரே நாளில் கைமாறுவதில்லை. எந்தப் பயிர் எப்போது அறுப்பாகுமோ அந்தந்தத் தேதியில் அந்த நிலம் புதியவரிடம் போகும். பழமரம் நின்றால் புதியவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், பழையவருக்கு விலை கிடைக்கும். இங்கே நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பத்திரப்பதிவு கிடையாது. மறுபங்கீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்த கணத்தில் பழைய நிலத்தின் இடத்தில் புதிய நிலம் சட்டப்படி உட்கார்ந்துகொள்கிறது. பழைய நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால் அடமானம் தானாகப் புதிய நிலத்துக்கு மாறும். பதிவேட்டை அரசே திருத்திக்கொள்ளும், கட்டணமில்லை. நம் ஊரில் ஒரு பரிவர்த்தனைப் பத்திரம் போடுவதற்குள் வில்லங்கச் சான்று, வங்கி ஒப்புதல், முத்திரைத்தீர்வை, பட்டா மாறுதல் என்று அலைகிற அலைச்சலை நினைத்தால் இந்த ஒரு பிரிவுக்காகவே அந்தச் சட்டத்தைக் கும்பிடலாம்.

சரி, ஊரார் எல்லோரும் 4 சதவீதம் இழக்கச் சம்மதிப்பார்களா? சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிலம் வைத்திருப்பவர், "கோட்டில் இருப்பவன் விதி, எனக்கென்ன வந்தது" என்றுதானே கேட்பார்? கேட்கத்தான் செய்கிறார்கள். அதனால் நடைமுறையில் வேறொன்று செய்கிறார்கள். சாலை வேலை தொடங்கப் பல ஆண்டுகள் இருக்கும்போதே அந்த வட்டாரத்தில் விலைக்கு வரும் நிலத்தை எல்லாம், கோட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாலைத் துறைக்காக வாங்கிச் சேர்த்து வைக்கிறார்கள். வயதாகி விவசாயத்தை விடுபவர், பட்டணத்துக்குப் போனவர், வாரிசில்லாதவர் விற்பார்கள். மறுபங்கீட்டுக்குள்ளும், எனக்கு நிலம் வேண்டாம் பணம் போதும் என்று எழுதிக்கொடுக்க வழியுண்டு. இப்படிச் சேர்ந்த நிலம் ஊரில் எந்த மூலையில் கிடந்தாலும் பரவாயில்லை. மறுபங்கீட்டின்போது அதை வரைபடத்தில் நகர்த்திச் சாலையின் அடியில் கொண்டுபோய் வைத்துவிடலாம். 24 ஹெக்டேர் தேவை என்ற இடத்தில் 20 வாங்கிவிட்டால் ஊரார் தலையில் விழுவது 4 ஹெக்டேர்தான், ஒருவருக்கு ஒரு சதவீதம்கூட வராது. முழுவதும் வாங்கிவிட்டால் பிடித்தமே இல்லை. இந்த முன்கொள்முதல் நடக்காத இடத்தில் மறுபங்கீடு கசப்பில்தான் முடியும் என்பது என் கருத்து. சட்டப்பிரிவைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

செலவு யாருடையது? சாலையால் ஏற்பட்ட பங்கு அத்தனையும் சாலை போடுகிறவருடையது. அளவை, புதிய ஊர்ப்பாதை, வடிகால், வாய்க்கால் திருப்பம் எல்லாம் அதில் வரும். சாலை வேலை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தற்காலிக உத்தரவு மூலம் கோட்டில் உள்ள நிலத்தை முன்கூட்டியே ஒப்படைத்துவிடுவார்கள், பயிரிட முடியாத காலத்துக்கு இழப்பீடு தருவார்கள். சாலையில் வண்டி ஓடத் தொடங்கி வெகுநாள் கழித்துத்தான் பல ஊர்களில் பதிவேடு திருத்தி முடிகிறது. பத்து பதினைந்து ஆண்டுகள் ஆவது சாதாரணம். அதற்குள் பெரியவர்கள் போய்ச் சேர்ந்து, வாரிசுகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இதைப் பெரிய தர்மகாரியம் என்று நினைத்துவிட வேண்டாம். இதுவும் கட்டாய நில எடுப்புதான், உருவம் வேறு. அதை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பாக்ஸ்பெர்க் என்றொரு ஊர். அங்கே டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் கார் சோதனை ஓட்டத்துக்குத் தடம் போட நினைத்தது. வேலைவாய்ப்பு வரும் என்பதால் அரசும் ஆதரவு. நிலம் சேர்க்க இந்த 87-ஆம் பிரிவு மறுபங்கீட்டையே கையில் எடுத்தார்கள். விவசாயிகள் கூட்டுறவு அமைத்து எதிர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு விவசாயக் கிளர்ச்சிக்காரர்களின் கொடியில் இருந்த வார்ச்செருப்பின் பெயரையே தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 1987 மார்ச் 24 அன்று நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: இந்த வகை மறுபங்கீடு கட்டாய எடுப்பேதான், தனியார் நிறுவனத்துக்காக, வேலைவாய்ப்பு என்ற மறைமுகப் பலனைக் காட்டிச் செய்வதானால் அதற்கென்று தெளிவான சட்டம் இருக்க வேண்டும், இந்தச் சட்டம் அதற்குப் போதாது. டெய்ம்லர் திட்டம் நின்றது. அதே ஊரில் 1998-ல் பாஷ் நிறுவனம் ஒரு சோதனைத்தடம் திறந்தது என்பது தனிக் கதை.

பிரான்சில் அணுகுமுறை கொஞ்சம் வேறு. 1962 ஆகஸ்ட் 8-ஆம் தேதிச் சட்டத்திலேயே, பெருந்திட்டத்தால் பண்ணைகளின் அமைப்பு குலைந்தால் திட்டம் போடுகிறவரே மறுபங்கீட்டுச் செலவைத் தாங்கிச் சரிசெய்ய வேண்டும் என்ற கடமையை வைத்துவிட்டார்கள். இன்று அது அவர்களின் கிராமப்புறச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஊர்க் குழுவுக்கு இரண்டு தேர்வுகள். சாலைக்கோட்டை வெளியே வைத்து, அந்த நிலத்தைத் தனியாக வாங்கிவிட்டு, மீதியை மட்டும் ஒழுங்குபடுத்தலாம். அல்லது கோட்டையும் உள்ளே சேர்த்து இழப்பைப் பரப்பலாம். சேர்த்தால் பிடித்தம் மொத்தப் பரப்பில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாதபடி எல்லை வரைய வேண்டும். மேலே சொன்ன 24 ஹெக்டேர் சாலைக்கு எல்லை குறைந்தது 480 ஹெக்டேர் இருக்க வேண்டும் என்று அர்த்தம். 5 சதவீதம் என்ற இந்த உச்சவரம்பு மிக நல்ல யோசனை, ஏனென்றால் தொலைவில் இருப்பவருக்கு "அதிகபட்சம் இவ்வளவுதான்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடலாம். டூர்–போர்டோ அதிவேக ரயில்பாதை, 302 கிலோமீட்டர், 2017-ல் திறந்தது; அதன் வழியிலும் ஊர் ஊராக இந்த மறுபங்கீடு நடந்தது.

பிரான்சின் பழைய பாவமும் ஒன்று உண்டு. 1960, 70-களில் நாட்டின் வடமேற்கில் உள்ள பிரெட்டனி பகுதியில் நிலம் சேர்க்கிறேன் என்று வேலிப்புதர்களையும் மேட்டு வரப்புகளையும் புல்டோசர் வைத்து வழித்துவிட்டார்கள். மழைநீர் தங்காமல் மண் கரைந்து ஓடியது, பறவை போயிற்று. இன்றைக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் மறுபங்கீடு தொடங்க முடியாது, வெட்டிய புதருக்கு ஈடாக நட்டாக வேண்டும். நேர்கோடுகளின் மேல் அதிகாரிகளுக்கு இருக்கும் மோகத்துக்கு எல்லா நாட்டிலும் ஊர்தான் விலை கொடுக்கிறது.

இனி நம் கதை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3-ஏ அறிவிப்பு, 21 நாளுக்குள் ஆட்சேபம், பிறகு எடுத்துவிட்டோம் என்று சொல்லும் 3-டி அறிவிப்பு. 3-டி அரசிதழில் வந்த அன்றே அந்த நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுக்குப் போய்விடும். 3-ஜி-யில் இழப்பீடு. 2015 ஜனவரி 1 முதல் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை இதற்கும் பொருந்துவதால், சந்தை மதிப்பும் அதற்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. பணத்தைப் பொறுத்தவரை முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் சட்டம் பார்ப்பது கோட்டுக்குள் இருக்கும் சர்வே எண்ணை மட்டும். கோட்டுக்கு வெளியே நிற்கும் முக்கோணத்தை யார் ஒழுங்குபடுத்துவது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், அந்த வழக்கிலும் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்ததும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்புகளை ஏற்றதும் சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டுமா, அறிவிப்பு செல்லுமா என்ற கேள்விகளைச் சுற்றித்தான். ஊர் நிலத்தின் அமைப்பு என்ன ஆகும் என்பது எந்தத் தரப்பிலும் மையப் பேச்சாகவில்லை.

இந்தியாவில் நிலச் சேர்க்கைச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. பம்பாய் மாகாணத்தில் 1947, கிழக்குப் பஞ்சாபில் 1948, உத்தரப் பிரதேசத்தில் 1953. பஞ்சாபில் இன்று வானத்திலிருந்து பார்த்தால் தெரியும் சதுரக் கட்டங்களில் பெரும்பகுதி அந்தச் சேர்க்கை போட்டது. அந்தக் கட்டங்களைத்தான் புதிய பசுமைவழிச் சாலைகள் இன்று மூலைவாட்டில் வெட்டுகின்றன. ஒருமுறை சேர்த்ததை மறுமுறை சேர்க்கச் சாலைத் துறை பணம் கட்ட வேண்டும் என்ற பிரிவு அங்கும் இல்லை. தமிழ்நாடு இந்தச் சேர்க்கைப் பக்கமே போகவில்லை. 2023-ல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டத்தை இதனோடு குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்தான் ஒன்று. அது நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டப் பகுதிக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அவற்றை என்ன செய்வது என்பதற்கானது. உங்கள் முக்கோணத்துக்கு அதில் ஒன்றுமில்லை. சாலைக்காக எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து மீதியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த உதாரணம் நம் நாட்டில் உண்டென்றால் அது குஜராத்தின் நகரமைப்புத் திட்டம். அகமதாபாத்தைச் சுற்றிய 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச்சாலைக்கு நிலம் அப்படித்தான் பெரும்பாலும் வந்தது. ஆனால் அங்கே விவசாயி இழந்த பரப்பை வீட்டுமனை விலை ஈடுகட்டியது. உழவு நிலமாகவே இருக்கப்போகிற ஊரில் அந்தக் கணக்கு வேலை செய்யாது.

நாளைக்கே ஜெர்மானியச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் ஓடுமா என்று கேட்டால், ஓரிடத்தில் கட்டாயம் முட்டும்: கிணறு. அங்கே மானாவாரி கோதுமை, மழை வானத்திலிருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல் வருகிறது, மண்ணை மட்டும் எடை போட்டால் போதும். கொங்குப் பக்கத்தில் ஒரே மாதிரி மண்ணில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஏக்கருக்கு விலை இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும், ஒன்றில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வாரத்தில் இரண்டு நாள் முறை என்று பாகப் பத்திரத்திலேயே எழுதியிருப்போம். இலவச மின் இணைப்பு அந்தச் சர்வே எண்ணோடு ஒட்டியிருக்கிறது. புதிதாகக் கேட்டால் வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். ஆகவே இங்கே மறுபங்கீடு என்றால் மண்ணுக்கு ஒரு மதிப்பெண், தண்ணீருக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும், மின் இணைப்பை நிலத்தோடு நகர்த்த மின்வாரியம் ஒப்ப வேண்டும். டெல்டாவில் வேறு சிக்கல், வாய்க்காலின் தலைமடையா கடைமடையா என்பதுதான் அங்கே மதிப்பு. இதோடு தாத்தா பெயரில் நிற்கும் கூட்டுப்பட்டாக்களும் சேர்ந்தால், யார் உறுப்பினர் என்று முடிவுசெய்யவே இரண்டு ஆண்டு ஆகும். முடியாத காரியம் என்று சொல்லவில்லை. சட்டம் எழுதுகிறவர் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

உங்களுக்கு இப்போது என்ன வழி என்று பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-ஜி பிரிவு, உட்பிரிவு 7, இழப்பீடு நிர்ணயிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. அதில் ஒன்று, எடுத்த நிலத்தை உங்கள் மற்ற நிலத்திலிருந்து பிரித்ததால் வரும் சேதம். இன்னொன்று, உங்கள் மற்ற சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் பாதிப்பு. இது சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் கேட்காதவருக்கு யாரும் தானாகப் போட்டுக் கொடுப்பதில்லை. மனு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் "சதுர மீட்டருக்கு விலை போதாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் துண்டானதற்குத் தனித் தலைப்பில் கேளுங்கள். புல வரைபடத்தின் மேல் சாலைக் கோட்டை வரைந்து, எந்தத் துண்டு எத்தனை செண்ட், எந்தப் பக்கம் கிணறு, குழாய் எந்த வழி, டிராக்டர் இனி எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று குறித்து இணையுங்கள். மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் கிடைத்த தீர்வம், அதாவது இழப்பீட்டு உத்தரவு, போதவில்லையென்றால் நடுவரிடம், பெரும்பாலும் ஆட்சியரிடம், போகலாம். முதல் மனுவில் கேட்டிருந்தால் அங்கே பேசுவது எளிது.

பணத்தைவிட அவசரமானது குழாய். சாலைக்கரை எழும்புமுன் அடியில் ஒரு பெருங்குழாயைப் படுக்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு அதனுள் உங்கள் பாசனக் குழாயையும் மின்கம்பியையும் நுழைத்துக்கொள்ளலாம். கரை போடும்போது ஒரு நாள் வேலை. சாலை முடிந்தபின் அதே வேலைக்கு அனுமதியும் செலவும் பலமடங்கு. தனியாகக் கேட்பதைவிட இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து, எந்தெந்த இடத்தில் என்று வரைபடத்தோடு, ஆட்சேப காலமான அந்த 21 நாளுக்குள் கேட்பது நல்லது. சுரங்கப்பாதையும் அப்படியே. உயரம் முக்கியம்: கார் போனால் போதும் என்று கட்டிவிடுவார்கள், அறுப்பு இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய வண்டியும் போக வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள்.

மறுபங்கீட்டைச் சின்ன அளவில் நீங்களே செய்துகொள்ளவும் வழியிருக்கிறது. உங்கள் மேற்குத் துண்டு சாலைக்கு அந்தப் பக்கத்துக்காரரின் நிலத்தை ஒட்டியிருக்கும், அவருடைய கிழக்குத் துண்டு உங்களுடையதை ஒட்டியிருக்கும். பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் முக்கோணம் ஒழியும். கிரயத்துக்குப் போலவே இதற்கும் முத்திரைத்தீர்வை உண்டு, அதுதான் பலரைத் தயங்க வைக்கிறது. சாலையால் துண்டான நிலங்களை மாற்றிக்கொள்ளும் பத்திரத்துக்கு மட்டும் தீர்வையைத் தள்ளுபடி செய்ய அரசு ஒரு ஆணை போட்டால், பெரிய சட்டம் எதுவும் இல்லாமலேயே பாதி வேலை நடந்துவிடும். விவசாய சங்கங்கள் விலை உயர்த்தக் கேட்கிற மூச்சில் இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பரிவர்த்தனைக்கு அவசரப்பட வேண்டாம். 3-ஏ அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணுக்குச் சார்பதிவாளர் பதிவுசெய்யத் தயங்குவார். சாலைக்குப் போன பகுதி உட்பிரிவாகி, உங்கள் மீதிக்குத் தனி எண் விழுந்த பிறகு செய்யுங்கள். உட்பிரிவு முடிந்ததும் புதிய புல வரைபடத்தை வாங்கி, மீதிப் பரப்பை நாடா வைத்து நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். சாலை எல்லைக்கல் நட்ட இடமும் வரைபடத்துக் கோடும் ஒத்துப்போகாவிட்டால், வேலி கட்டுமுன் சர்வேயரை அழைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.